மேடைப் பலகையில் செய்த கிட்டார்

மரத்துக்கு ஞாபகசக்தி உண்டு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். முறிந்த கழுத்தை ஒட்டுவேன், புடைத்துக்கொண்ட பலகையை அமுக்குவேன், வேறு யாரோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போனதைப் பிரித்துத் திரும்பச் செய்வேன். என் மேஜைக்கு வந்த மரக் கதைகளுக்குக் கணக்கே இல்லை. ஆற்றில் மூழ்கிக் கிடந்த படகின் பலகை, இடித்த சிறைச்சாலையின் கதவு, மது ஊறப்போட்ட பீப்பாய். பீப்பாய் கிட்டாரைக் கொண்டுவந்தவர் முகர்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வார்னிஷ் வாசனைதான் வந்தது. சிறைக்கதவு கிட்டாருக்குள் பழைய ஆணி ஒன்று ஒடிந்து கிடந்து என் உளியின் முனையைத் தின்றுவிட்டது. அந்த ஆணியையும் சொந்தக்காரர் காகிதத்தில் மடித்து வாங்கிப் போனார். கைதி யாராவது அடித்ததாக இருக்கலாமாம்.

யார் வீட்டுக் காசோ, யாருடைய ஆசையோ, எனக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படித்தான் இருந்தும் வந்தேன். ஆனால் அந்தப் பைத்தியம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் அக்கா வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

அக்கா சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். அத்தான் ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் மாலை நேரத்தில் கிட்டார் வாசிக்கிறவர். அங்கே வருகிறவர்கள் சாப்பிடுவார்கள், போனைப் பார்ப்பார்கள், பில்லுக்குக் கை காட்டுவார்கள். அவர் மட்டும் அத்தனை பேரும் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார். மனுஷனுடைய காது அப்படி. முன்பெல்லாம் என் பட்டறைக்குள் கால் வைத்ததும் நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு முன்னால், அந்த மூலையில் தொங்குவதில் மூன்றாவது கம்பி சுருதி ஏறியிருக்கிறது என்பார். நான் போய்ப் பார்த்தால் மயிரிழை ஏறித்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும், பெருமையாகவும் இருக்கும்.

அவர்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அக்காவின் முட்டி தேய்ந்துபோய்விட்டது. கடையில் நிற்பதைக்கூடப் பல்லைக் கடித்துச் சமாளித்துவிடுவாள், திரும்பி வந்து படி ஏறுவதுதான் அவளைக் கொன்றது. கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாற வேண்டும் என்று இருவரும் சேர்த்து வைத்த பணம் வங்கியில் இருந்தது. அந்தப் பணத்தில்தான் அத்தான் கிட்டார் வாங்கப் போகிறேன் என்றார்.

அக்கா இதைச் சொல்ல என் பட்டறைக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவரிடம் முட்டியைப் பற்றிச் சொன்னாளாம். இனிமேல் முடியாது, கீழ்வீடு பார்க்கலாம் என்றாளாம். அவர் வாசலில் நின்றபடி தலையாட்டினாராம். அதற்கடுத்த வாரமே இப்படி வந்து நிற்கிறார்.

"பணம் போனாப் போகட்டும்டி. நான் வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்ன பிறகும் அந்த மனுஷனுக்குக் கிட்டார்தான் பெரிசாப் போச்சு பாத்தியா" என்றாள். "நான் சொல்றது எதையும் அவர் காதுல போட்டுக்கறதே இல்ல."

அக்கா அழுகிற ஜாதி இல்லை. கோபத்தை மடித்து உள்ளே வைத்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துவிடுகிற ஜாதி. அதனால் அவள் குரல் கம்மியது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மரக் கதையை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கிட்டாரைச் செய்தவரை எங்கள் தொழிலில் எல்லோரும் தாடிக்காரர் என்போம். ஒரு பழைய நாடக அரங்கத்தை இடித்தபோது அதன் மேடைப் பலகைகளை வாங்கி வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பாட்டும் கைதட்டலும் அதில் ஊறியிருக்கிறதாம். அப்படிப் பார்த்தால் வசனம் மறந்தவன் வாங்கிய வசவும், மேடையைப் பெருக்கினவரின் முனகலும், அடியில் குடித்தனம் நடத்திய எலிகளின் கும்மாளமும் ஊறியிருக்க வேண்டுமே, அவை எந்தக் கம்பியில் கேட்கும் என்று நான் கேட்டேன். தாடிக்காரருக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கேட்கிறதம்மா, உனக்குக் கேட்காவிட்டால் நான் என்ன செய்ய முடியும் என்று சிரித்தார். ஏமாற்றுக்காரராக இருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவர் மனதார நம்புகிறவர். ஒரு வாரம் வைத்து வாசித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று கிட்டாரை அத்தானிடம் கொடுத்தே அனுப்பிவிட்டார்.

பொய் சொல்லக் கூடாது, நல்ல வேலைப்பாடு. பழைய ஆணி ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே விட்டிருந்தார். முதுகுப் பலகையை ரொம்ப மெல்லிசாக இழைத்திருந்தார். வாசித்தால் கிட்டாரின் முதுகு நம் நெஞ்சுக்கூட்டில் குறுகுறுவென்று அதிர்ந்தது. வெளியே போக வேண்டிய சத்தத்தில் கொஞ்சம் வாசிக்கிறவர் விலாவுக்குள் போகிறது, இது ஒரு குறை என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அவர் சொல்லும் விலைக்கு இதுபோல் நாலைந்து நல்ல கிட்டார் வாங்கலாம்.

அத்தானிடம் பேசிப் பார்த்தேன். அவருடைய பழைய கிட்டார் செத்துவிட்டது என்றார். மேல் கம்பிகள் பேசவே மாட்டேன் என்கின்றன, இது பேசுகிறது என்றார். அந்தப் பழைய கிட்டாரை அந்த வருடத்தில் பலமுறை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். கம்பி மாற்றினேன், கம்பி உட்காரும் எலும்புத் துண்டை மாற்றினேன், உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்று சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, உனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரையும் பட்டறைக்கு வரச் சொன்னேன். விஷயம் எளிது. அத்தான் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார வேண்டும். நான் மறுகோடியிலிருந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். எது மேடைப் பலகை, எது என் பட்டறையில் கிடக்கும் சாதாரண பிளைவுட் கிட்டார் என்று அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் நான் என் வாயைத் தைத்துக்கொள்கிறேன் என்றேன். தப்பாகச் சொன்னால் கிட்டார் தாடிக்காரரிடமே போய்விடும், கீழ்வீடு பார்க்கலாம். அத்தான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் நிச்சயமாக இருந்தார். என் காதை வைத்தே எனக்குப் பரீட்சையா என்றார்.

நான் நேர்மையாக நடந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. மேடைப் பலகையை நான் தொடவே போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். எல்லாத் தடவையும் பிளைவுட்தான். அக்காவிடம் மட்டும் கண்ணைக் காட்டியிருந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில்தான் பிளைவுட் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டிருந்தேன். புதுக் கம்பியை நன்றாக இழுத்து இழுத்துப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்கிக்கொண்டே போகும். அவசரத்தில் அதைச் செய்யவில்லை. முதல் தடவை வாசிக்கும்போதே முதல் கம்பி இறங்கிவிட்டது. எனக்கே பல் கூசியது. போச்சு, அத்தான் இப்போது திரும்பிப் பார்த்துத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் திரும்பவில்லை. "இது சாதா" என்றார்.

இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தி வாசித்தேன். முதல் கம்பி இன்னும் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது அழுகிய பழத்தைக் கடித்த மாதிரி வந்தது. அத்தான் கண்ணை மூடித் தலையை மெல்ல அசைத்தார். இதோ, இதுதான் மேடை, வித்தியாசம் தெரியவில்லையா என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு அடக்க முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். மரக் கதை மண்ணைக் கவ்விவிட்டது, நான் ஆசைப்பட்டது அதைத்தானே. ஆனால் என் கை நின்றுவிட்டது.

முதல் கம்பியை மட்டும் தனியாக ஒருமுறை தட்டினேன். மெதுவாகத்தான், ஆனால் அறையில் எங்கே இருந்தாலும் கேட்கும். இன்னொரு முறை தட்டினேன். அத்தான் கையை மடியில் வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"ம், ஆரம்பி" என்றார்.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மறுபடியும் தட்டினேன். நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம், அவர் கேட்கவில்லை.

"என்னாச்சு? ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்களா?" என்று அவர் திரும்பினார். என் மடியில் பிளைவுட் இருந்தது. மேடைப் பலகை பெட்டிக்குள் மூடியபடி இருந்தது. அவருக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. முகம் சிவந்துவிட்டது. விளையாடியிருக்கிறாய், என்னைக் கோமாளியாக்கி உன் அக்காவைச் சிரிக்க வைத்திருக்கிறாய் என்றார். ஆமாம் என்றேன். மரத்தைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

"அத்தான், முதல் கம்பி இறங்கியிருந்துச்சு."

"எப்ப?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அவர் கிட்டாரை என்னிடமிருந்து வாங்கினார். முதல் கம்பியைத் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார். திரும்பத் தட்டினார். பிறகு அவராகவே குனிந்து, கிட்டாரின் ஓரத்தில் தாடையை ஊன்றினார். கூச்சலான இடத்தில் சுருதி சேர்க்க வாசிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். தாடை எலும்பு வழியாகச் சத்தம் நேரே உள்ளே போகும். அந்த நிலையில் கம்பியைத் தட்டியதும் அவர் முகம் சட்டென்று சுளித்துக்கொண்டது. அது எனக்குத் தெரிந்த பழைய சுளிப்பு.

தாடையை எடுத்துவிட்டுத் தட்டினார். வைத்துத் தட்டினார். எடுத்துத் தட்டினார். அதை எத்தனை தடவை செய்தார் என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிட்டாருக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்மா" என்றார்.

அதன்பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ரொம்ப நாளாக ஓட்டலில் சுருதி சேர்ப்பது ட்யூனரின் முள்ளைப் பார்த்துத்தானாம். கூடத்தில் இரைச்சல் அதிகமாகிவிட்டது என்று நினைத்தாராம். இப்போதெல்லாம் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நினைத்தாராம். இரைச்சல், கூடம், கம்பி, கிட்டார் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தவர் தன் காதை மட்டும் சந்தேகப்படவே இல்லை. அது அவருடைய காது, அது எப்படித் தப்பாகும்? தாடிக்காரரின் கிட்டாரை அணைத்து வாசித்தபோது அந்த மெல்லிய முதுகு விலா எலும்பில் அதிர்ந்ததும் செத்துப்போன ஒன்று எழுந்து வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். பாவம், அதைத்தான் நான் மரக் கதை என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

நான் சொன்னது சரி என்று நிரூபணமாகிவிட்டது. மரத்தில் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வெற்றி என் எதிரிக்கும் வேண்டாம்.

கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். மரம் பிடிக்கவில்லையா என்று தாடிக்காரர் கேட்டார். மரத்தில் குறை இல்லை, வீட்டில் வேறு செலவு வந்துவிட்டது என்றேன். வேலைப்பாடு பிரமாதம் என்றும் சொன்னேன், அது உண்மை. அவர் ஒரு வார்த்தை அதிகம் கேட்காமல், அத்தானை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அக்காதான் தலைகீழாக மாறிவிட்டாள். அத்தானுக்குக் காது போய்விட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். டாக்டரிடம் நாள் வாங்கியது அவள், கடைக்கு லீவு சொன்னது அவள். காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிப்போயிருக்கிறது, இப்போதைக்குக் கருவி வைத்துக்கொண்டால் நன்றாகவே கேட்கும், அறுவை சிகிச்சையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். வங்கியிலிருந்த பணம் அந்தப் பக்கம் திரும்பியது. கீழ்வீட்டைப் பற்றி நான் மெல்ல எடுத்தபோது அக்கா என் வாயை அடைத்துவிட்டாள்.

"அவர் இப்படி இருக்கறப்ப முட்டி கிட்டின்னு ஆரம்பிச்சா நான் மனுஷியா? ஒரு தடவை சொன்னேன், அவர் காதுல போட்டுக்கல. அதோட முடிஞ்சுது. இனி அந்தப் பேச்சே எடுக்காத."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு கெட்டிக்காரிகள்.

கருவியை மாட்டிக்கொண்டு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். தெருவில் அத்தான் சின்னப் பையன் மாதிரி நடந்தார். சைக்கிள் செயின் ஓடுவதை நின்று கேட்டார். யார் வீட்டு மாடியிலோ துணி உதறுவதை அண்ணாந்து பார்த்தார். பட்டறையில் நிறுத்தி, கம்பி மாற்ற என்னிடம் விட்டிருந்த அவருடைய பழைய கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். முதல் கம்பியை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு உறையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் வாசிக்கிறேன் என்றார். 

மாடிப்படியில் அவர் எப்போதும் முன்னால் போவார், கிட்டார் எங்கும் இடித்துவிடக் கூடாது என்று. பின்னால் அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி, நல்ல காலை முன்வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு ஏறுவாள். அன்று கடைசியாக நான், பைகளோடு. முதல் மாடியைத் தாண்டியதும் அத்தான் நின்றார். காதில் கையை வைத்தார். கொஞ்சம் ஏறினார், மறுபடி நின்றார். கருவியைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டிக்கொண்டார்.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு" என்று எங்கள் தலைக்கு மேலிருந்து சொன்னார். "கரகரன்னு ஒரு சத்தம். நடு நடுவுல யாரோ முனகற மாதிரியும் வருது. ஏறினா வருது, நின்னா நின்னுடுது. நீ கொஞ்சம் பாரேன்மா, நீதான் இதெல்லாம் பழுது பாக்கறவளாச்சே."

நான் பைகளைக் கீழே வைத்தேன். என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழுதுபார்க்கிறவளாக இருந்து என்ன பிரயோஜனம்.

அக்கா நடுப்படியில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அது கோளாறு இல்லீங்க" என்றாள். "என் முட்டி."

அவர் அவளையே பார்த்தார். "முனகல்?"

"அதுவும் நான்தான்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேனே. அடுப்படியில. நீங்க தலையாட்டினீங்க."

 அத்தான் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் நின்ற படிவரை இறங்கி வந்தார். தண்ணிக் குழாய் திறந்திருந்ததா என்று கேட்டார். திறந்துதான் இருந்தது என்றாள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நீ எதையாவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது என்றார். சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

 இத்தனை நாள் மடித்து மடித்து வைத்திருந்த கோபத்தை அக்கா இனி யாரிடம் காட்டுவாள்? பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல அவர் பக்கத்தில் உட்காரப் போனாள். முட்டி மடங்கும்போது கடகடவென்று சத்தம் போட்டது. அத்தான் முகத்தைச் சுளித்து, பதறி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.